வெப்பக்கதிரும் கலீனாப் படிகமும்

இரவிலே ஹந்தானைச் சாரலில் நிற்கும் ஒருவனது உடலும் செந்நிறக் கீழ்க் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றது. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர். கண்ணுக்கெட்டாத அக்கதிரை, வானொலியலையை வாங்குதல் போல நுண்ணிய அன்ரெனாவினால் வாங்கி உணர்கருவிக்கு ஊட்டும் முறையின் வரலாற்றை, மசசூசெற்சில் அலி ஜாவான் குழுவினர் 1960களில் கூரிய தங்குதன் கம்பிகொண்டு நடத்திய பரிசோதனைகளோடு தொடங்குவர். அது பாதி வரலாறே.

கல்கத்தாவில் 1895இல் மில்லிமீற்றர் அலைகளைப் பிறப்பித்துக் காட்டிய ஜகதீச சந்திர போசு, அவற்றைப் புனல்வாயினாற் சேர்த்து வாங்கும் கருவியையும் அமைத்தவர். பின்னர், கலீனாப் படிகத்தில் உலோக முனையைப் பொருத்தி அவர் ஆக்கிய உணர்கருவி ஹேர்ட்சு அலைகளையும் ஒளியையும் ஒருங்கே உணர்ந்தது. இருவகைக் கதிர்க்கும் வாயில் ஒன்றாகலாம் என்னும் இக்கருத்தன்றோ மூலவித்து! 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்காவிற் பெற்ற ஆக்கவுரிமையை அவர் பொருளீட்டப் பயன்படுத்தினாரல்லர். படிகத்தால் வானொலியலையை உணர்ந்தமையில் அவருக்குள்ள முதன்மையைப் பியர்சனும் பிறாற்றெயினும் 1955இல் எழுத்தில் ஒப்புக்கொண்டனர்.

போசு கையாண்ட 5 மில்லிமீற்றர் அலை, உடல் வீசும் வெப்பக்கதிரைப் போல 500 மடங்கு நீண்டது. எனவே அன்ரெனாவும் அவ்வளவிற்குச் சுருங்க வேண்டியதாயிற்று. அத்துணைச் சிறிய உலோகக் கோட்டைத் தகட்டின்மேற் பொறிக்க இலத்திரன் கற்றையே கைகொடுத்தது.