துணிப்பூவும் பூவரசம்பூவும்

"புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அன்ரி" என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டபோது, எனக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான், அதை ஆர் வாசிக்கப்போகினம் என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தேன். என்ர மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கிறது. சேலைச் சட்டை வெட்டி மிஞ்சின பட்டுத் துண்டுகளில் பூச் செய்து அதற்குள் போட்டுவைப்பேன். பிள்ளைகளின் கவுணிலும் கைப்பையிலும் வைத்துத் தைக்க உதவும். இந்தத் துணிப்பூவுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். துணிக்குக் கஞ்சி போட்டு விறைக்க வைக்கவேண்டும். பழைய பட்டறைகளில் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, இதழ் வடிவிலான இரும்பு அச்சை மேலே வைத்து ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் ஒரு கட்டு இதழ் விழும். பிறகு சாயம் ஏற்றி, உருண்டைத் தலையுள்ள சூட்டு இரும்பால் இதழின் நடுவை அமத்தினால் அது குழிந்து, உயிர் வந்ததுபோல வளையும். கடைசியில் கம்பியும் நூலும். என்னிடம் அச்சும் இல்லை, சூட்டு இரும்பும் இல்லை. கத்தரிக்கோலும் மெழுகுதிரியும்தான். இப்போதைய சற்றின் துணியின் விளிம்பைச் சுவாலைக்குக் கிட்டக் காட்டினால் தானாகவே சுருளும். பட்டுத் துணியோடு இந்த விளையாட்டு வேண்டாம், கருகிப்போகும்.

இங்கிலாந்தில் துணிப்பூவை நெஞ்சில் குத்தி நிதி சேர்க்கும் வழக்கம் போப்பிப் பூவோடு தொடங்கியதில்லை. 1912 ஜூன் மாதத்தில் அலெக்சாந்திரா மகாராணியின் பெயரால் லண்டன் தெருக்களில் துணி றோசாப்பூ விற்றார்கள். அந்தப் பூக்களைச் செய்தவர்கள், ஜோன் குறூம் என்பவர் நடத்திய இல்லத்தில் இருந்த, உடல் ஊனமுற்ற இளம் பெண்கள். வாங்கியவர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கைகள் ஞாபகத்தில் இருந்திருக்கும்?

பிறகு வந்தது முதலாம் உலக யுத்தம். பெல்ஜியத்தில் குண்டு விழுந்து உழுதுபோட்டதுபோலக் கிடந்த மண்ணில் சிவப்புப் போப்பி முளைத்தது. 1915இல் ஜோன் மக்றே என்ற கனடிய வைத்தியர் அதைப் பாட்டாக எழுதினார். அதை வாசித்த மொயினா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, 1918 நவம்பர் 9ஆம் திகதி, யுத்தம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நியூயோர்க் கடையொன்றில் பட்டுத்துணிப் போப்பிகள் வாங்கினார். ஒன்றைத் தான் குத்திக்கொண்டு மிச்சத்தைக் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்தார்.

ஆனால் அதை ஒரு தொழிலாக மாற்றியவர் அன்னா கெறாங் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. வட பிரான்சில் ஊர் ஊராக இடிந்து கிடந்தது. புருசனை இழந்த பெண்களும் தகப்பனில்லாத பிள்ளைகளும் துணியில் போப்பி செய்ய, அதை வெளிநாடுகளில் விற்று அந்தப் பிள்ளைகளுக்கே காசு அனுப்புவது அவருடைய திட்டம். 1920இல் அமெரிக்க முன்னாள் படையினர் சங்கம் ஏற்றுக்கொண்டது. 1921இல் கனடா, அதே வருடம் பிரித்தானியா. 1921 நவம்பர் 11இல் இங்கே விற்ற போப்பியால் சேர்ந்தது 106,000 பவுணுக்கு மேல்.

நியூசிலாந்துக்கு அனுப்பிய பூக்கள் கப்பல் பிந்தி, நவம்பரைத் தவறவிட்டுவிட்டன. அதனால் அவர்கள் 1922 ஏப்ரல் 24ஆம் திகதி விற்றார்கள். இன்றைக்கும் அங்கே போப்பி நாள் ஏப்ரலில்தான். சேர்ந்தது 13,166 பவுண். அதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அனுப்பியது 3,694 பவுண். நூறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு இருக்கிறது! எங்கட சனத்தின் பெயரைச் சொல்லி இந்த நாட்டில் எத்தனை ரின் குலுக்கினார்கள், நானும் போட்டேன். கணக்குக் கேட்டபோது ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பிரெஞ்சுப் பெண்களின் வேலை கன காலம் நிலைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் "எங்கட காயப்பட்ட ஆட்களுக்கு வேலை வேண்டாமோ" என்று கேட்டது. அதுவும் நியாயம்தான். 1922இல் லண்டன் ஓல்ட் கென்ற் றோட்டுக்குப் பக்கத்தில், முன்பு சேட் கொலர் செய்த கட்டிடத்தில், மேஜர் ஜோர்ச் ஹவ்சன் ஐந்து ஊனமுற்ற முன்னாள் படையினரோடு போப்பித் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒற்றைக் கையுள்ளவரும் பொருத்தக்கூடிய மாதிரிப் பூவை அமைத்தார்கள். பின்பு அது றிச்மண்டுக்குப் போனது. 1926இல் எடின்பரோவிலும் ஒன்று திறந்தது. கனடாவில் 1922இலேயே இந்த வேலை ஊனமுற்ற படையினரிடம் போய்விட்டது. இடிந்த ஊர்களில் ஊசியோடு இருந்த பெண்களின் பெயர்கள்தான் எங்கும் காணவில்லை.

அதே கேள்வி இலங்கையிலும் எழும்பியது. அப்போது கொழும்புத் தெருக்களிலும் போப்பி விற்றார்கள். காசு போனது பிரித்தானியப் படையினருக்கு. அதே யுத்தத்துக்குப் போய்வந்த இலங்கையர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், இலங்கைப் படையினருக்காக அதே நாளில் 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, எங்கட வேலிப் பூவரசம்பூ! சின்னனில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே மரம்.

1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் அதைக் கையில் எடுத்தார்கள். தலைவி டொறீன் யங் ஓர் ஆங்கிலப் பெண். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போப்பி வாங்க வைப்பதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். டெறன்ஸ் டி சில்வாவோடு இணைச் செயலாளராக இருந்தவர் றொபின் இரத்தினம். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அதனால் காசு பெரிதாகச் சேரவில்லை. 1934-35இல் மலேரியா ஊரை அழித்தபோது இவர்களே மருந்தோடும் பருப்போடும் கிராமங்களுக்குப் போனார்கள். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் வந்தது அப்போதுதான். இந்தக் கூட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1972 அரசியலமைப்பை எழுதின கொல்வின் ஆர். டி சில்வாவும் அந்தக் கட்சிக்காரர்தான். அதைப் பற்றி எழுத இந்த மலர் முழுக்க வேண்டும், விடுவம்.

போன நவம்பரில் பேத்தி பள்ளிக்கூடத்தால் போப்பியோடு வந்தாள். அது இப்போது கடதாசிதான். "அம்மம்மா, எங்களுக்கு ஒரு பூ இல்லையோ?" என்று கேட்டாள். இந்தப் புத்தாண்டுக் கவுணுக்குப் பூவரசம்பூ தைத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் சற்றினில் ஐந்து இதழ், ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறினமாதிரி. அடியில் கடுஞ்சிவப்பு நூல். நிறம்தான் கரைச்சல். பூவரசு விரியும்போது மஞ்சள், வாடும்போது சிவக்கும். எந்த நேரத்துப் பூவைத் தைக்கிறது என்று கேட்டேன். இரண்டும் வேணுமாம். அதனால் இரண்டு பூ.