எவரெஸ்ட் - ஒரு மதிப்பெண் விடைக்குள் எத்தனை பேர்?

"உலகிலேயே உயரமான சிகரம் எது?"

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். எவரெஸ்ட்! முதலில் ஏறியவர்கள்? டென்சிங், ஹிலாரி. தேதி? 1953 மே 29. க்விஸ் போட்டியில் இதைவிட சுலபமான கேள்வி கிடைக்காது.

இதிலேயே ஒரு குறும்புக் கேள்வியும் உண்டு. "எவரெஸ்ட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உலகின் உயரமான சிகரம் எது?" எதிரே இருப்பவர் தலையைச் சொறிந்துவிட்டு கஞ்சன்ஜங்கா என்பார். "அப்போதும் எவரெஸ்ட்தான், யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்!" என்று கேட்டவர் சிரிப்பார்.

சிரிப்பு இருக்கட்டும். யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம் எப்படித் தெரிய வந்தது? உச்சிக்கு மனிதன் ஏறுவதற்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே அதன் உயரத்தைச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் மலையின் அடிவாரத்துக்குக்கூடப் போகவில்லை. நேபாளத்துக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியே இல்லை. பிறகு எப்படி அளந்தார்கள்?

பதில் இமயமலையில் தொடங்கவில்லை. சென்னையில், நம் பரங்கிமலையில் தொடங்குகிறது!

பரங்கிமலையில் ஒரு சங்கிலி

1802 ஏப்ரல் 10. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரியான வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். மறுமுனை பெரும்பாக்கம் பக்கம். தூரம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது 57 நாட்கள்!

கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பொருட்களில் ஒன்று அது. வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பக்கத்திலேயே தெர்மாமீட்டரையும் வைத்து, வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்கள். இப்படி 400 முறை சங்கிலியை நீட்டி அளந்தார்கள்.

ஏன் இவ்வளவு பொறுமை? பத்தாம் வகுப்பில் படித்த முக்கோணவியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் அளக்காமலே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து இன்னொன்று. இந்தியா முழுவதையும் இப்படி முக்கோணங்களாலேயே அளந்துவிடலாம். ஆனால் முதல் கோட்டில் ஓர் அங்குலம் தவறினாலும் தவறு கூடவே வரும், போகப் போகப் பெரிதாகும்.

கோணங்களை அளக்க தியோடலைட் என்ற கருவி. சுமார் அரை டன் எடை! இங்கிலாந்திலிருந்து அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு ஆளுநர், இது ஆயுதமல்ல, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

அதே கருவி 1808-ல் தஞ்சாவூரில் அடிபட்டது. சுற்றிலும் சமவெளி என்பதால் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியை ஏற்ற முயன்றார்கள். பாதியில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வேறு யாராவது இருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார்கள். லாம்ப்டனோ கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, வளைந்துபோன வட்டத்தட்டை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். 1823-ல் இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில் அவர் இறந்தபோதும் அளவை வேலையில்தான் இருந்தார்.

மாதம் 30 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர்

லாம்ப்டனுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். கன்னியாகுமரியில் தொடங்கும் முக்கோண வரிசையை இமயமலையின் அடிவாரம் வரை கொண்டுபோனவர் இவர்.

அளந்து வந்த எண்களைக் கணக்குப் போட ஆள் வேண்டுமே! இந்த வேலைக்கு அப்போது பெயர் 'கம்ப்யூட்டர்'. ஆமாம், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மனிதர்! 1831-ல் கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர் ஒருவர் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். பெயர் ராதாநாத் சிக்தார். இருபது வயதுகூட நிரம்பவில்லை. விரைவிலேயே எவரெஸ்ட்டின் மிக நம்பிக்கையான கணித மூளையாகிவிட்டார்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு 1843-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். டேராடூனில் ஒரு வெள்ளைக்கார மாஜிஸ்திரேட், சர்வே கூலியாட்களைக் காசு கொடுக்காமல் தன் சுமைகளைத் தூக்க வைத்தார். ராதாநாத் அதைத் தடுத்தார். வழக்கு நடந்து அவருக்குக் கிடைத்த பரிசு 200 ரூபாய் அபராதம். 30 ரூபாயில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 200 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

பதினைந்தாம் சிகரம்

1843-ல் எவரெஸ்ட் ஓய்வுபெற்று இங்கிலாந்து போய்விட்டார். அடுத்து வந்தவர் ஆண்ட்ரூ வாக். 1847-ல் டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கஞ்சன்ஜங்காவுக்கு அப்பால் ஒரு சிகரம் தெரிந்தது. பனிமூட்டத்தில் பாதி நாள் தெரியாது. வரிசை எண் போட்டபோது அதற்குக் கிடைத்த பெயர் 'பதினைந்தாம் சிகரம்'.

1849-ல் ஜேம்ஸ் நிக்கல்சன் என்ற அதிகாரி பீகார் சமவெளியிலிருந்து அந்தச் சிகரத்தை 30-க்கும் மேற்பட்ட முறை அளந்தார். மிக அருகில் போன இடமே 170 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான். மலேரியாக் காய்ச்சல் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கொடி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள் என்று எத்தனையோ இந்தியத் தொழிலாளர்கள் அந்தத் தராய்க் காடுகளில் காய்ச்சலுக்குப் பலியானார்கள்.

கோணம் கிடைத்தால் மட்டும் போதாது. அவ்வளவு தொலைவில் காற்று ஒளியை வளைத்துவிடும். சிகரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். பூமியின் வளைவு வேறு. எல்லாவற்றையும் கழித்துக் கூட்டி, 1852 வாக்கில் பதினைந்தாம் சிகரமே எல்லாவற்றையும்விட உயரம் என்ற முடிவு தெரிந்தது. மீண்டும் மீண்டும் சரிபார்த்து, 1856-ல்தான் வாக் உலகுக்கு அறிவித்தார். உயரம் 29,002 அடி.

2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. செயற்கைக்கோளோ கால்குலேட்டரோ இல்லாமல் போட்ட கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 30 அடி!

பெயர் யாருக்கு?

உள்ளூர் மக்கள் வழங்கும் பெயரையே மலைக்கு வைக்க வேண்டும் என்பது எவரெஸ்ட்டின் கொள்கை. ஆனால் உள்ளூர்ப் பெயர் எது என்று உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லி, வாக் தன் முன்னாள் அதிகாரியின் பெயரையே வைத்தார். எவரெஸ்ட்டே இதை விரும்பவில்லை. தன் பெயரை இந்தியில் எழுதவும் முடியாது, உள்ளூர் மக்களால் உச்சரிக்கவும் முடியாது என்று 1857-ல் ஆட்சேபித்தார். கேட்கவில்லை. 1865-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அந்தப் பெயரையே உறுதிசெய்தது. திபெத்தியர்களுக்கு அது சோமோலுங்மாவாகவே இருந்தது. நேபாளத்தில் இன்று சாகர்மாதா. இன்னொரு வேடிக்கை, அவர் குடும்பத்தில் அந்தப் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரிப்பார்கள். உலகமே தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது!

ராதாநாத்? 1851-ல் வெளியான சர்வே கையேட்டில், கணிதப் பகுதிகளில் அவர் செய்த உதவிக்கு முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1870-ல் அவர் இறந்தார். 1875-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றி காணாமல் போனது. அவர் போட்ட கணக்குகள் மட்டும் அப்படியே இருந்தன. செத்தவரிடம் திருடுவதற்குச் சமம் என்று அப்போதே ஓர் ஆங்கிலப் பத்திரிகை கண்டித்தது. 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இதனால் இப்போது பலர், "எவரெஸ்ட்டைக் கண்டுபிடித்தவர் ராதாநாத் சிக்தார்" என்று மாற்றி எழுதுகிறார்கள். "உலகின் உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்!" என்று அவர் வாக்கின் அறைக்குள் ஓடிவந்ததாகக் கதையும் சொல்கிறார்கள். ஆனால் 1849-லேயே ராதாநாத் கல்கத்தா அலுவலகத்துக்கு மாறிவிட்டார். வாக்கின் தலைமையகம் டேராடூன். ஓடிவர அது பக்கத்து அறையல்ல! இரண்டு ஊர்களிலும் பலர் வருடக்கணக்கில் போட்ட கணக்கு அது. அதில் தலைமைக் கணக்காளராக இருந்த ராதாநாத்தின் பங்கு பெரியது, மறைக்கப்பட்டதும் உண்மை. அதற்காக ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதினால், சங்கிலி பிடித்தவர்களும் காய்ச்சலில் செத்தவர்களும் மறுபடியும் விடுபட்டுப் போவார்கள்.

க்விஸ் தாளில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும். அங்கே எவரெஸ்ட் என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அடுத்த முறை மின்சார ரயிலில் பரங்கிமலையைக் கடக்கும்போது ஒரு நிமிடம் ஜன்னல் வழியாகப் பாருங்கள். உலகின் உயரமான மலையை அளக்கும் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மலையின் உயரம் 300 அடிகூட இல்லை!