தி பிராமிஸ் (2005 திரைப்படம்)

தி பிராமிஸ், சீன இயக்குநர் சென் கைகே எழுதி இயக்கிய வூசியா வகைக் கற்பனைத் திரைப்படம். சீனத்தில் இதன் பெயர் 'வூ ஜி'. 2005 டிசம்பர் 15 அன்று சீனாவில் வெளியானது. சுமார் 3.5 கோடி அமெரிக்க டாலர் செலவில் உருவான இப்படம், அதுவரை எடுக்கப்பட்ட சீனப் படங்களிலேயே செலவு மிகுந்ததாக அறிவிக்கப்பட்டது. சீனாவில் ஏறத்தாழ 18 கோடி யுவான் வசூலித்தது. ஆனால் பார்த்தவர்களின் ஏளனத்துக்கு ஆளானது. அமெரிக்காவில் விநியோக நிறுவனம் மாறி, சுமார் 20 நிமிடங்கள் குறைக்கப்பட்டு, 2006 மே மாதம் திரைக்கு வந்து, 7 லட்சம் டாலரைக்கூட எட்டாமல் அரங்குகளைவிட்டு நீங்கியது. விளம்பரத்தால் கூட்டத்தைத் திரட்டலாம், மதிப்பைத் திரட்ட முடியாது என்பதற்குச் சீனத் திரையுலகம் நெடுங்காலமாகச் சுட்டும் எடுத்துக்காட்டு இப்படம்.

பின்னணி

வூசியா என்பது வாள்வீரர்களையும் அவர்களது அறநெறியையும் மையமாகக் கொண்ட சீனக் கதைமரபு. ஹாங்காங்கிலும் தைவானிலும் பல பத்தாண்டுகள் செழித்த இந்தத் திரைவகைக்கு, தைவானில் பிறந்த ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) உலகச் சந்தையைத் திறந்துவிட்டது. 1.7 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் 12.8 கோடி டாலர் ஈட்டி, நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. சீன மொழிப் படமொன்றை மொழிபெயர்ப்பு வரிகளுடன் பெரும் அரங்குகளில் ஓட்ட முடியும் என்று அது மெய்ப்பித்தது.

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வசூலில் பங்கு தரும் முறையில் ஆண்டுக்கு 20 வெளிநாட்டுப் படங்கள் உள்ளே வரலாம் என்ற நிலையில், ஹாலிவுட்டின் பிரம்மாண்டத்துக்கு உள்நாட்டிலிருந்தே பதில் தேவைப்பட்டது. சாங் யீமோ இயக்கிய 'ஹீரோ' (2002) அந்தப் பதிலானது. சீனாவில் அது சுமார் 25 கோடி யுவான் வசூலித்தது. அமெரிக்க உரிமையை வாங்கிய மிராமாக்ஸ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முடக்கிவைத்திருந்து, 2004 ஆகஸ்டில், குவென்டின் டாரன்டினோ வழங்கும் படம் என்ற அறிவிப்புடன் வெளியிட்டது. முதல் வாரமே வசூலில் முதலிடம் பிடித்த படம், 5.3 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பெரிய முதலீடு, ஆசிய நட்சத்திரங்கள், வாள்சண்டை, பகட்டான வண்ணங்கள், ஆஸ்கர் கனவு ஆகியவற்றை ஒன்றுசேர்க்கும் ஒரு சூத்திரம் இதோடு நிலைபெற்றது.

1952இல் பெய்ஜிங்கில் பிறந்த சென் கைகே, கலாச்சாரப் புரட்சிக்குப் பின் 1978இல் பெய்ஜிங் திரைப்படக் கழகத்தில் சேர்ந்த மாணவர் அணியைச் சேர்ந்தவர். 'ஐந்தாம் தலைமுறை' எனப்படும் அவ்வணியின் முதல் பெரும் வெற்றி அவர் இயக்கிய 'யெல்லோ எர்த்' (1984). அதன் ஒளிப்பதிவாளர் சாங் யீமோ. 1993இல் சென்னின் 'ஃபேர்வெல் மை கான்க்யூபைன்' கேன் விழாவின் தங்கப்பனை விருதை 'தி பியானோ'வுடன் பகிர்ந்துகொண்டது. சீன மொழிப் படமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அப்படிப்பட்டவர் வூசியாவுக்கு வந்தபோது, 'ஹீரோ'வின் வணிக வெற்றியோடு கலை மேன்மையும் சேரும் என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் எதிர்பார்த்தனர். பின்னர் எழுந்த சினத்தின் அளவுக்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம்.

கதை

காலமும் நாடும் குறிப்பிடப்படாத ஒரு கற்பனை உலகில் கதை நடக்கிறது. போர்க்களத்தில் பிணங்களுக்கிடையே உணவு தேடும் அநாதைச் சிறுமி சிங்செங், ஒரு மாந்தோவை, அதாவது ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டத்தை எடுத்துக்கொள்கிறாள். உயர்குடிச் சிறுவன் வூஹுவான் அவளைப் பிடிக்க, அடிமையாக இருப்பதாக வாக்களித்து ஏமாற்றித் தப்புகிறாள். அவள்முன் தோன்றும் மான்ஷென் என்ற தேவதை, உலகின் பேரழகும் எல்லா வளமும் உனக்குக் கிடைக்கும், ஆனால் நீ நேசிக்கும் ஒவ்வோர் ஆணையும் இழப்பாய் என்கிறாள். காலம் பின்னோக்கி ஓட வேண்டும், வசந்தத்தில் பனி பெய்ய வேண்டும், செத்தவர் எழ வேண்டும். அப்போதுதான் இந்த விதி மாறும். சிறுமி சம்மதிக்கிறாள்.

ஆண்டுகள் கழிந்து அவள் அரசனின் துணைவியாகிறாள். செந்நிறக் கவசம் அணிந்த தளபதி குவாங்மிங், காளைக்கூட்டத்தையே ஓடிக் கடக்கும் வேகம் படைத்த குன்லுன் என்னும் அடிமையின் துணையோடு போரில் வெல்கிறான். அரசனை வூஹுவான் முற்றுகையிட்டிருப்பது தெரிந்து, காயம்பட்ட தளபதி தன் கவசத்தைக் குன்லுனுக்கு அணிவித்து அனுப்புகிறான். சிங்செங்கைக் காக்க முனைந்த குன்லுன் அரசனையே கொன்றுவிடுகிறான். கவசத்தை மட்டும் கண்ட அவள், தன்னைக் காத்தவன் தளபதி என்று நம்பி அவனைக் காதலிக்கிறாள். இந்த ஆள்மாறாட்டமும், கறுப்பு மேலங்கியால் உயிர் தரித்திருக்கும் கொலையாளி குயிலாங்கின் கதையும் பின்னிச் செல்கின்றன. முடிவில் வூஹுவான், சிறுவயதில் ஒரு மாந்தோவுக்காக ஏமாற்றப்பட்டபோதே யாரையும் நம்பும் குணத்தை இழந்துவிட்டதாகச் சொல்கிறான்.

தயாரிப்பு

சீனத் திரைப்படக் கழகமும் அமெரிக்காவின் மூன்ஸ்டோன் என்டர்டெயின்மென்ட்டும் தென்கொரிய முதலீட்டாளரும் சேர்ந்து படத்தைத் தயாரித்தனர். சென்னின் மனைவி சென் ஹொங் தயாரிப்பில் பங்கேற்றதோடு, மான்ஷென் வேடத்திலும் நடித்தார்.

நடிகர் தேர்வே ஒரு விற்பனை வரைபடம்போல அமைந்தது. தளபதியாக 'தி லாஸ்ட் சாமுராய்' மூலம் மேற்கிலும் அறிமுகமாகியிருந்த ஜப்பானின் ஹிரோயுகி சனாடா நடித்தார். கொரியப் போர்ப்படமான 'தேகுக்கி'யின் நாயகன் ஜாங் டொங்கன் குன்லுனாக வந்தார். ஹாங்காங்கின் சிசிலியா சியுங் சிங்செங்காகவும் நிக்கலஸ் ட்சே வூஹுவானாகவும், சீனாவின் லியூ யே குயிலாங்காகவும் நடித்தனர். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு நாட்டுச் சந்தைக்கான திறவுகோல். அதற்குக் கொடுத்த விலை, திரையில் ஒலித்த மாண்டரினின் ஒட்டாத உச்சரிப்புகள். சீன ரசிகர்களின் கேலிக்கு அதுவும் தீனியானது.

தொழில்நுட்ப அணியிலும் உலகப் பெயர்கள் இருந்தன. 'க்ரௌச்சிங் டைகர்' படத்துக்காக ஆஸ்கர் பெற்ற ஒளிப்பதிவாளர் பீட்டர் பாவும் கலை இயக்குநர் டிம் யிப்பும் பணியாற்றினர். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதல் படத்தின் இசையமைப்பாளரான ஜெர்மனியின் கிளாஸ் பேடெல்ட் இசையமைத்தார். கணினி வரைகலையை ஹாங்காங்கின் சென்ட்ரோ டிஜிட்டல் பிக்சர்ஸ் செய்தது. குன்லுன் ஓடும் காட்சிகளும் காளைகள் பாயும் காட்சியும் படத்தின் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டன. வெளியான பிறகு கணினி வரைகலையின் பலவீனம் என்று அதிகம் சுட்டப்பட்டவையும் அவையே. வூசியா ரசிகன் நாடுவது, கம்பியில் தொங்கினாலும் உடலின் எடையும் பயிற்சியும் புலப்படும் சண்டையை. இங்கே உடலின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது.

சீன வெளியீடும் வரவேற்பும்

டிசம்பர் முதல் வசந்தவிழா வரையிலான காலம் சீனத் திரையரங்குகளின் விளைச்சல் காலம். படம் அதன் தொடக்கத்தில், முன்னெப்போதும் இல்லாத விளம்பரத்துடன் இறங்கியது. திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டு, இளைஞரிடையே புகழ்பெற்ற எழுத்தாளர் குவோ ஜிங்மிங் எழுதிய நாவலும் வெளியானது. முதல் நாள்களில் அரங்குகள் நிரம்பின. நிரம்பிய வேகத்திலேயே அதிருப்தியும் பரவியது. கதை கனமான தத்துவத்தை நோக்கிக் கைநீட்டுகிறது, காரணங்களோ குழந்தைத்தனமாக இருக்கின்றன என்பதே பெரும்பாலோர் குறை. ஒரு மாந்தோவுக்காக ஒருவன் இருபது ஆண்டுகள் வஞ்சம் வளர்ப்பது, சோகத்தின் உச்சமாக வைக்கப்பட்ட இடம். அங்கேதான் அரங்குகளில் சிரிப்பு எழுந்தது.

மாந்தோ காணொளி

இந்தச் சிரிப்புக்கு வடிவம் கொடுத்தவர் ஒலிப்பதிவுத் துறையைச் சேர்ந்த ஹூ கே. படத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டி, தன் குரலிலேயே பேசி, 'ஒரு மாந்தோவால் விளைந்த கொலை வழக்கு' என்ற சுமார் 20 நிமிடக் காணொளியை உருவாக்கினார். சீன அரசுத் தொலைக்காட்சியின் சட்ட நிகழ்ச்சிகளைப் போல, இறுக்கமான செய்தியாளர் தொனியில் அரசனின் கொலையை விசாரிக்கும் அந்தக் காணொளி, இடையிடையே போலி விளம்பரங்களையும் சேர்த்துக்கொண்டது. படத்தின் முடிச்சுகளை வரிசைப்படுத்தி விளக்குவதில் மூலப்படத்தைவிட அது தெளிவாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். 2006 தொடக்கத்தில் இணையம் முழுவதும் அது பரவியது.

சினமுற்ற சென் கைகே, ஹூ கே மீது வழக்குத் தொடரப்போவதாகப் பொதுவெளியில் சொன்னார். ஹூ கே மன்னிப்புக் கேட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஆனால் காப்புரிமையின் எல்லை எது, பகடிக்கு எவ்வளவு இடம் உண்டு என்று சட்ட வல்லுநர்களும் ஊடகங்களும் விவாதிக்க இந்தப் பூசல் காரணமானது. 'எகாவ்' எனப்படும் சீன இணையப் பகடி மரபின் தொடக்ககாலப் படைப்புகளில் இது முதன்மையாகக் கருதப்படுகிறது. இயக்குநரின் கோபம் காணொளிக்கு மேலும் பார்வையாளர்களைச் சேர்த்தது; பொதுமக்களின் அனுதாபம் பெரிதும் ஹூ கே பக்கமே நின்றது.

சுற்றுச்சூழல் சர்ச்சை

படப்பிடிப்பின் ஒரு பகுதி யுன்னான் மாகாணத்தின் ஷாங்ரி-லா பகுதியிலுள்ள பிகு மலையேரியில் நடந்தது. அங்கே போடப்பட்ட பாதையும் கட்டுமானங்களும் குப்பையும் படப்பிடிப்புக்குப் பின் முறையாக அகற்றப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2006 மே மாதம் கட்டுமானத் துறைத் துணை அமைச்சர் சியூ பாவ்ஷிங் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். விசாரணைக்குப் பின் படக்குழுவுக்கு 90,000 யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. அழகிய நிலப்பகுதிகளில் படமெடுக்கும் குழுக்களுக்கான விதிமுறைகள் குறித்த விவாதத்துக்கு இச்சம்பவம் வழிவகுத்தது.

வெளிநாட்டு வெளியீடு

தொடக்கத்தில் நம்பிக்கைக்கு இடமிருந்தது. 78ஆவது ஆஸ்கர் விருதுகளின் வெளிநாட்டு மொழிப் பிரிவுக்குச் சீனா இப்படத்தை அனுப்பியது. இறுதிப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. அதே பட்டியலில் ஸ்டீபன் சவ்வின் 'குங்ஃபூ ஹஸ்சில்' படமும் இருந்தது. விருது 'பாரடைஸ் நவ்' படத்துக்குப் போனது. 2006 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் போட்டிக்கு வெளியே படம் திரையிடப்பட்டது. நட்சத்திரங்களின் தாயகங்களான தென்கொரியாவிலும் ஜப்பானிலும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியானது.

அமெரிக்க உரிமையை முதலில் எடுத்தது, மிராமாக்ஸிலிருந்து வெளியேறிய வெயின்ஸ்டீன் சகோதரர்கள் 2005இல் தொடங்கிய புதிய நிறுவனம். ஆசியப் படங்களை முடக்கிவைப்பதும் வெட்டிச் சுருக்குவதும் அவர்களின் மிராமாக்ஸ் காலப் பழக்கம். 'ஷாவ்லின் சாக்கர்' அப்படிச் சுருங்கியே அமெரிக்கத் திரைக்கு வந்தது. 'தி பிராமிஸ்' படத்துக்கு 'செந்நிறக் கவசத்தின் தலைவன்' என்ற பொருளில் 'மாஸ்டர் ஆஃப் தி கிரிம்சன் ஆர்மர்' என்று பெயரை மாற்றிய அந்நிறுவனம், பிறகு படத்தையே கைவிட்டது. அடுத்து வார்னர் இன்டிபென்டன்ட் பிக்சர்ஸ் எடுத்துக்கொண்டு, பழைய பெயரிலேயே, சுமார் 103 நிமிடப் பதிப்பாக 2006 மே 5 அன்று வெளியிட்டது. சீனப் பதிப்பின் நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். மொத்த அமெரிக்க வசூல் சுமார் 6.7 லட்சம் டாலர். 2005இல் பென்குயின்களைப் பற்றிய பிரெஞ்சு ஆவணப்படத்தை ஆங்கில விவரணையுடன் வெளியிட்டு 7.7 கோடி டாலர் பார்த்த அதே விநியோக நிறுவனத்துக்கு இது மிகச் சிறிய தொகை.

தோல்வியின் காரணங்கள்

அமெரிக்காவில் வூசியா மோகம் தணிந்துவிட்டதே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. சாங் யீமோவின் அடுத்தடுத்த படங்களின் வசூல் அதற்கு ஓரளவு ஆதாரம் தருகிறது. 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்' (2004) சுமார் 1.1 கோடி டாலரும், 'கர்ஸ் ஆஃப் தி கோல்டன் ஃப்ளவர்' (2006) சுமார் 66 லட்சம் டாலரும் ஈட்டின. ஆனால் 2005இல் 'குங்ஃபூ ஹஸ்சில்' அங்கே 1.7 கோடி டாலர் வசூலித்தது. 2006 செப்டம்பரில், அதாவது 'தி பிராமிஸ்' வெளியாகி நான்கே மாதங்களில், ஜெட் லியின் 'ஃபியர்லெஸ்' சுமார் 2.5 கோடி டாலர் ஈட்டியது. சீன மொழிச் சண்டைப் படத்துக்குக் கூட்டம் இருந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆகவே சந்தையைவிடப் படத்தின் அமைப்பையே காரணமாகக் கொள்வது பொருத்தம். வூசியாவில் வீரனுக்கு ஒரு கடமையும் அதை மீறும் சூழலும் இருக்கும். அந்த மோதல் வாளின் வழியே வெளிப்படும். இங்கோ முடிவுகளை விதியும் தேவதையும் மாய அங்கியும் எடுக்கின்றன. பாத்திரங்களின் தேர்வுக்கு எடை குறைவதால் சண்டைக்கும் எடை குறைகிறது. புராணக் கற்பனையாக ஏற்கலாமென்றால், அதற்கு வேண்டிய உலக விதிகள் சீராக இல்லை. ஏற்கெனவே தெளிவில்லாத கதையில் 20 நிமிடங்கள் குறைந்ததால், அமெரிக்கப் பார்வையாளருக்கு அது இன்னும் துண்டுதுண்டாகவே போய்ச் சேர்ந்தது.

பின்விளைவு

பெரும் செலவில் எடுக்கப்பட்ட சீனப் படங்கள் நல்ல வசூலும் கெட்ட பெயரும் சேர்ந்து பெறும் போக்கு 'தி பிராமிஸ்' படத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது. ஃபெங் சியாவ்காங்கின் 'தி பேங்க்வெட்' (2006) முதலிய அரண்மனைப் படங்களும் அதே கண்டனத்தை எதிர்கொண்டன. சென் கைகே, பெய்ஜிங் நாடகக் கலைஞர் மெய் லான்ஃபாங்கின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஃபாரெவர் என்த்ரால்ட்' (2008) படத்தின் மூலம் தனக்குப் பழகிய களத்துக்குத் திரும்பினார். 2015இல் 'மங்க் கம்ஸ் டவுன் தி மவுண்டன்' படத்தில் மீண்டும் தற்காப்புக் கலையைத் தொட்டார். 2017இல் கற்பனையும் வரலாறும் கலந்த 'லெஜண்ட் ஆஃப் தி டீமன் கேட்' படத்தை எடுத்தார். 2021இல் சீன வசூல் சாதனையை முறியடித்த போர்ப்படமான 'தி பேட்டில் அட் லேக் சாங்ஜின்' படத்தின் மூன்று இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். அந்தப் படத்தின் வசூலில் மிகப் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே கிடைத்தது. 2005இல் சீனத் தயாரிப்பாளர்கள் கண்ட உலகச் சந்தைக் கனவு, உள்நாட்டு அரங்குகள் பெருகிய பின் அவர்களுக்கு முன்போல அவசியமாக இருக்கவில்லை.