கரியும் வைரமும்

மூக்குத்தியில் மின்னும் வைரமும் பள்ளிப் பிள்ளையின் பென்சிலுக்குள் இருக்கும் கரியும் ஒரே தனிமம் என்று சொன்னால், நம்மில் பலர் நம்பத் தயங்குவோம். ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் தயங்கவே செய்தனர்.

1772ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லவாய்சியர், காற்றுப் படும்படி மிகுதியாகச் சூடேற்றினால் வைரம் எரிந்து மறைவதையும், காற்றுப் படாமல் காத்தால் அது அழியாதிருப்பதையும் கண்டார். 1797இல் இங்கிலாந்தின் சுமித்சன் டெனன்ட், பொற்குழலில் வெடியுப்புடன் வைரத்தை எரித்து, கிடைத்த வாயுவை அளந்தார். அதே எடையுள்ள கரி தரும் அளவே அதுவும் இருந்தது. வைரம் தூய கரியே என்பது உறுதியாயிற்று. ஆயினும் ஒரு வினா எஞ்சியது. பொருள் ஒன்றாயின், ஒன்று கண்ணாடியைக் கீறுவதும் மற்றொன்று தாளில் தேய்வதும் ஏன்?

விடைக்கு நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1913இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் ஊடுகதிர்களைக் கொண்டு வைரத்தின் உள்ளமைப்பை அறிந்தனர். அதில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களைப் பற்றி நிற்கிறது. இப்பற்றுதலின் தன்மையை 1916இல் அமெரிக்கரான கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். இரண்டு அணுக்கள் ஆளுக்கோர் எலெக்ட்ரானை ஈந்து, அந்த இணையைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இதுவே சகப்பிணைப்பு. பகிர்வே இங்கு உறவாகிறது.

1924இல், அயர்லாந்தில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த இளைஞர் பெர்னால், பென்சில் கரியாகிய கிராஃபைட்டின் அமைப்பைத் தெளிவுபடுத்தினார். இதில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களுடன் மட்டுமே பிணைந்து, அறுகோண வலைபோன்ற தகடுகளாகப் பரவுகிறது. தகட்டுக்குள் அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்திலோ 1.54. ஆம், தகட்டுக்குள் உள்ள பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட நெருக்கமானது, வலியது! ஆனால் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. அங்கே சகப்பிணைப்பு இல்லை. மெல்லிய கவர்ச்சி மட்டுமே உண்டு. எனவே விரலின் அழுத்தத்திலேயே தகடுகள் வழுக்கிப் பிரிகின்றன. எழுதுவதற்கு அது நன்று. கட்டி எழுப்புவதற்கோ உதவாது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நம்மையே நோக்க வேண்டும். நம் பங்குகளில் உறவுக்குக் குறைவில்லை. திருமணத்திலும் துக்கத்திலும் திருவிழாவிலும் தத்தம் சாதிக்குள் இறுகப் பற்றியே நிற்கிறோம். தகட்டுக்குள் நம் பிணைப்பு வைரத்தையும் விஞ்சும். ஆனால் ஒரே நற்கருணையை உண்டவர்கள் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிக்கொண்ட வரலாறு நமக்கு உண்டு. திருச்சபை ஏன் வலுவிழக்கிறது என்று வெளியே காரணம் தேடுகிறோம்!

கரி வைரமாவதற்குப் புதிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த தகட்டை நோக்கி நான்காவது கை நீள வேண்டும். அது எளிதன்று, பூமிக்கடியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆழத்தில், பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் நிகழ்வது அது. நாமும் அந்த அழுத்தத்திற்கு அஞ்சாதிருப்போமாக.