சீட்டில் இல்லாத ஊர்

மியூசியத்தில் சிற்பத்தின் காலடியில் ஒரு சிறு சீட்டு இருக்கும். தெய்வத்தின் பெயர், தென்னிந்தியா, சோழர் காலம், வெண்கலம், வாங்கிய வருஷம். அதிகம் போனால், உதவிய தனவந்தரின் பெயர். எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது வெளியேறியது என்பவை இருப்பதில்லை. கண்காட்சி அறிவிப்புகளிலும் கேட்லாகுகளிலும் இதே பாஷைதான். காலம் தெரியும், உலோகம் தெரியும், ஊர் மட்டும் தெரியாது. இந்தத் தெரியாமைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒரு பகுதி நான் பிழைப்பு நடத்தும் பக்கத்திலேயே நடந்திருப்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் டொலீடோ என்று ஒரு ஊர். கண்ணாடித் தொழிலால் வளர்ந்தது. கண்ணாடி முதலாளி லிபி 1901-இல் முன்னின்று நிறுவிய கலை மியூசியம் அங்கே இருக்கிறது. நியூயார்க், லண்டன் மியூசியங்களைப் போலப் பேரரசின் களஞ்சியமல்ல. ஒரு வட்டாரத்து ஜனங்களுக்காக ஏற்பட்டது. 2006-இல் அவர்கள் முழுக்கக் கண்ணாடிச் சுவர்களாலான புதுக் கட்டிடமொன்றைத் திறந்தார்கள். அதே வருஷம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஒரு வெண்கலக் கணேசரை 2,45,000 டாலருக்கு வாங்கினார்கள். அந்தக் கணேசர் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில் இருந்தவர். களவு போனதும் 2006-இல்தான். திருடியது, கடல் கடத்தியது, விற்றது, பீடம் ஏற்றியது எல்லாம் ஒரே வருஷத்துக்குள். எங்கள் வங்கியில் ஒரு பயிர்க்கடன் விண்ணப்பம் சில சமயம் இதைவிட மெதுவாக நகரும்.

ஏலாக்குறிச்சியிலிருந்து கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடபுறமாகவே போனால் ஸ்ரீபுரந்தான் வரும். இப்போது இரண்டும் அரியலூர் மாவட்டம். கரும்பும் நெல்லும் முந்திரியும் கலந்த பூமி. கங்கைகொண்டசோழபுரம் இதே வட்டாரம் என்பதைச் சொன்னால்தான் வெளியூர்க்காரருக்கு இடம் பிடிபடும். அந்தக் கோயிலில் வெகுகாலமாகப் பூஜை இல்லை, பூட்டிக் கிடந்தது. 2006-இல் சில தவணைகளாக எட்டு விக்ரகங்களை எடுத்துப்போயிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக வேறிடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் 2008-இல் கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஊர் ஒரு காலிக் கோயிலைத் தாண்டிப் போய்வந்திருக்கிறது. இதைச் சொல்லி ஊராரைப் பழிப்பது சுலபம், நகரத்து எழுத்தாளர்கள் சிலர் செய்யவும் செய்கிறார்கள். பூசாரிக்குச் சம்பளம் இல்லாத, விளக்குக்கு எண்ணெய் இல்லாத கோயில்கள் இந்த ஜில்லாவில் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எட்டில் பெரியது நடராஜர், நாலடிக்கு மேல் உயரம். கைவினைப் பொருள் என்ற பெயரில் சென்னையிலிருந்து கப்பலேறி, கபூரின் மாடிசன் அவென்யூ கடைக்குப் போய், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்பனையானது. வாங்கியவர்கள் விசாரிக்காமல் வாங்கவில்லை. காகிதம் கேட்டார்கள், காகிதம் கிடைத்தது. தில்லியில் 1968 முதல் 1971 வரை இருந்த சூடான் நாட்டு ராஜதந்திரி ஒருவரின் குடும்பம் 1970-இல் அங்கே ஒரு கடையில் வாங்கியது, பின்னர் அவர் மனைவியிடமிருந்து வந்தது என்று அந்தக் காகிதம் சொன்னது.

நான் வவுச்சர் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். பொய் வவுச்சருக்கு ஒரு லக்ஷணம் உண்டு. அது அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும், தேதி எங்கே தேவையோ அங்கே வந்து கச்சிதமாக உட்காரும். 1970 என்ற வருஷம் சும்மா வரவில்லை. கலாசாரப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த வருஷத்தது. நம் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் வெளியேறியது என்று காட்டிவிட்டால் உலகத்து மியூசியங்களின் மனசாட்சி சமாதானமாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் இந்த ஏற்பாடும் முழுமையானதல்ல. 1947-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் 1971-லும் ஒரு சோழ நடராஜரை வெளியே கொண்டுபோயிருக்க முடியாது. லைசென்ஸ் எங்கே என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ஐந்து பவுன் நகைக்குக் கடன் கொடுக்கும்போதே யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். கான்பெராவில் கேட்டவர்கள் கதையைக் கேட்டார்கள், கதை நன்றாகவும் இருந்தது.

பொய்யை உடைத்தது போட்டோ. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகத்துக் கோயில்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது; ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். கலைக்கண்ணோடு எடுத்தவையல்ல. கறுப்பு வெள்ளையில், இருக்கிறதை இருக்கிறபடி, ஊர்ப் பெயரெழுதி அடுக்கிய படங்கள். 1994-இல் ஸ்ரீபுரந்தானிலும் எடுத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமாரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும், சில வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும், 2013-இல் அந்தப் படங்களையும் மியூசியப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். திருவாசியில் ஒரு சுடரின் வளைவு, பீடத்தில் ஒரு வார்ப்புக் குறை, எங்கோ ஒரு நெளிவு — மெழுகை உருக்கி வெளியேற்றி வார்த்து, மண் அச்சை உடைத்தெடுக்கும் முறையில் ஒரு விக்ரகம் போல் இன்னொன்று வர முடியாது. அச்சு ஒருமுறைதான். ஸ்தபதியின் கை செய்த பிழையே கடைசியில் சாட்சியாயிற்று.

இங்கே விமர்சனத்துக்கு வருகிறேன். கலைப்படைப்பு தனித்து நிற்பது, அதன் உருவமே அதன் பொருள், பிறந்த இடமும் பயன்பட்ட விதமும் அதற்கு வெளியே உள்ள செய்திகள் என்ற வாதம் நமக்கெல்லாம் பழக்கமானது. கதையை நீதிபோதனையிலிருந்தும் கவிதையைப் பண்டிதரிடமிருந்தும் விடுவிக்க அந்த வாதம் தேவைப்பட்டது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. விக்ரகத்தின் மேல் அதே வாதம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். ஆனந்த குமாரசாமியின் ‘சிவ நடனம்’ 1918-இல் நூலாக வந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னை மியூசியத்து நடராஜரைப் பற்றி எழுதியது அவர் காலமான பிறகு, 1921-இல் வெளிவந்தது. ரோதான் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதினார். இருவரும் பெரியவர்கள், அந்த எழுத்துக்களும் பெரியவை. குமாரசாமியாவது தத்துவத்தையும் சாஸ்திரத்தையும் கூடவே கொண்டுவந்தார். ரோதானிடம் மிஞ்சியது தசையும் ஒளியும் நிழலும்தான். மாலை இல்லை, பட்டு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மார்கழித் திருவாதிரைக்கு வீதிக்குத் தூக்கிப்போகத் தண்டு செருகும் வளையங்களுக்கு அர்த்தமில்லை. பீடத்தின் துளையை மியூசியத்துக்காரர் பார்ப்பார், தோள் கொடுத்தவரைப் பார்க்க மாட்டார்.

இப்படி ஊரிலிருந்து கழற்றப்பட்ட நடராஜர்தான் உலகத்துக்கு அறிமுகமானார். கழற்றியது யாரும் களவென்று நினைத்துச் செய்ததல்ல. ஆனால் ‘தூய உருவம்’ என்று நாம் வியந்த ஒன்றும் ‘ஊர் தெரியவில்லை’ என்று வியாபாரி எழுதும் சீட்டும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. ஊர் முக்கியமில்லை என்று ரஸிகன் சொன்னால் அதனால் அதிக லாபம் அடைகிறவன் கடத்துகிறவன். ரஸனையின் சித்தாந்தத்துக்கு ஒரு சந்தை மதிப்பு உண்டு என்பதை நம் அழகியல்வாதிகள் கணக்கிலெடுப்பதில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு, அது லேசான பதிலுமல்ல. பொருள்கள் எப்போதும் பயணம் செய்தவைதானே, எதுதான் பிறந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். ஏலாக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி என்ற பாதிரியார் இங்கே வந்து வீரமாமுனிவர் ஆனார். அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, இவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். வந்தது வேற்று நாட்டுச் சமயம், வேற்று மரபு. ஆனால் அது ஊரைச் சீட்டிலிருந்து நீக்கவில்லை. ஊருக்கு இன்னொரு பெயரே கொடுத்தது. பிரபந்த வகை ஒன்றைக் கையிலெடுத்து, தலத்தைச் சொல்லியே தெய்வத்தைச் சொல்ல வேண்டும் என்ற தமிழ் வழக்கத்துக்கு அது தன்னை ஒப்புக்கொடுத்தது. இன்றைக்கும் மாதாவின் முன்னால் முழந்தாளிடுகிறவர்கள் சுரூபம் எந்த நூற்றாண்டு என்று கேட்பதில்லை. எந்த ஊர் மாதா என்று மட்டும் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பயணம் செய்வதும் பிடுங்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

ஸ்ரீபுரந்தானுக்கு முன்னாலும் உதாரணங்கள் உண்டு. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராஜரைச் செப்பனிடக் கொடுத்த இடத்தில் மாற்றிப் போலியைத் திருப்பித் தந்தார்கள். அசல் வெளியே போய்விட்டதை பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-இல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அதை வாங்கினார். வழக்கு சமரசமானபோது பத்து வருஷம் காட்சிக்கு வைத்துக்கொண்டு பிறகு தருவதாக ஒப்பந்தம், 1986-இல் வந்தது. திருட்டுச் சொத்தைத் தவணையில் திருப்பும் வசதியை எந்த வங்கியும் எனக்குத் தெரிந்து யாருக்கும் தந்ததில்லை. பத்தூர் நடராஜர் விஷயத்தில் லண்டன் நீதிமன்றம் 1988-இல் கோயிலின் உரிமையை ஏற்றது, மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது, 1991-இல் அவர் திரும்பினார். பாழடைந்து கிடந்த ஒரு கோயில் அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயிக்கலாம் என்று ஆயிற்று. உரிமைக்கு ஊர் வேண்டும் என்று நீதிபதிகளுக்குப் புரிந்தது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே தில்லியில் கொண்டுவந்து கொடுத்தார். டொலீடோவும் அதே வருஷம் கணேசரைத் திருப்பித் தர முடிவெடுத்தது. 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்து வருஷத் தண்டனை விதித்தது. நடராஜர் வந்து சேர்ந்தது கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலிலுள்ள பாதுகாப்பு மையத்துக்கு. பூட்டிய கோயிலிலிருந்து போனவர் பூட்டிய அறைக்கு வந்தார். நம் அரசாங்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. காவலில்லாத கோயிலுக்கு நாலடி வெண்கலத்தை யார் திருப்பி அனுப்புவார்கள்? ஆனால் லாக்கரில் இருப்பது இருப்பாகுமா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

தஞ்சையில் 1951-இல் அப்போதைய கலெக்டர் டி.கே. பழனியப்பன் முயற்சியில் அரண்மனைக்குள் கலைக்கூடம் ஏற்பட்டது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் அங்கேதான் இருக்கிறார். அவரைத் ‘திருவெண்காட்டார்’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள், பெயரோடு ஊர் ஒட்டியிருக்கிறது. ஊரிலேயே இருக்க முடியாதவற்றுக்கு ஜில்லாக் கலைக்கூடம் ஒரு மத்திமமான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். கற்பூரத் தட்டு இல்லாவிட்டாலும், நம்ம ஊர்ச் சாமி என்று பிள்ளைக்குக் காட்டிச் சொல்லலாம்.

கங்கைகொண்டசோழபுரத்தில் ஒரு அருங்காட்சியகம் கட்ட அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ராஜேந்திரனின் கப்பல்களும் வெற்றிகளும் அங்கே நிச்சயம் இடம்பெறும். அவற்றைப் பற்றி எனக்கு அவசரமில்லை. முதல் கண்காட்சிகளில் ஒன்றாக இந்த வட்டாரத்திலிருந்து போனவையும் திரும்பியவையும் வரவேண்டும் என்பது என் ஆசை. சீட்டில் ஸ்ரீபுரந்தான் என்று முதல் வரியில் இருக்கட்டும். களவு 2006, விற்பனை இன்ன வருஷம் இன்ன விலைக்கு, திரும்பியது 2014 என்று அடுத்த வரிகள் வரட்டும். ராஜதந்திரியின் குடும்பத்துப் பொய்க் காகிதத்தையும் கண்ணாடிக்குள் வைக்கலாம். இந்த நூற்றாண்டின் கற்பனை எழுத்தில் அதற்கும் ஒரு இடம் உண்டு. பக்கத்தில் 1994-இல் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதுபண்ணி மாட்ட வேண்டும். பிரதியெடுத்துச் சட்டம் போட அதிகம் செலவாகாது.