நகரப் போக்குவரத்தின் எண்ணிம இரட்டை

எண்ணிம இரட்டை என்பது ஒரு நகரின் சாலைகள், சிக்னல்கள், பேருந்துகள், ரயில்கள், பயணிகளின் நடமாட்டம் ஆகியவற்றின் கணினி வடிவம். களத்திலிருந்து வரும் தரவுகள் இதை ஓயாமல் புதுப்பிக்கின்றன. டிஜிட்டல் ட்வின் என்றும் இதனை அழைப்பர். வழக்கமான போக்குவரத்து மாதிரி, கணக்கெடுப்பு நடந்த நாளோடு நின்றுவிடும். இரட்டையோ நகரத்தோடு சேர்ந்தே மாறும்.

இக்கருத்து தொழிற்சாலை உற்பத்தியை ஒட்டிப் பிறந்தது. அமெரிக்கரான மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் இதை முன்வைத்தார். நாசாவின் ஜான் விக்கர்ஸ் 2010இல் இப்பெயரைச் சூட்டினார்.

இரட்டைக்கு அடித்தளம் முப்பரிமாண வரைபடம். அதன்மேல் உணரிகள், கேமராக்கள், வாகனங்களின் ஜிபிஎஸ் கருவிகள், பயண அட்டைகள் ஆகியவற்றின் தரவு சேர்கிறது. இவற்றைக் கொண்டு பாவனை மென்பொருள் ஒவ்வொரு வாகனத்தையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்கிறது. ஜெர்மானிய விண்வெளி மையம் உருவாக்கிய சுமோ, இவ்வகையில் பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருள்.

சிங்கப்பூர் 2014இல் 7.3 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் ‘வெர்ச்சுவல் சிங்கப்பூர்’ என்ற முப்பரிமாண நகர மாதிரித் திட்டத்தை அறிவித்தது. படிக்கட்டு, சரிவு போன்ற விவரங்களும் அதில் இருப்பதால், சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் முதியோருக்கும் தடையற்ற பாதையைக் கண்டறிய முடியும். போக்குவரத்துத் தரவும் அங்கு வளமானது. தொலைவைப் பொறுத்துக் கட்டணம் அமைவதால், பயணிகள் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுகின்றனர். யார் என்று அறியாமலே, எங்கிருந்து எங்கே எத்தனை பேர் எந்நேரத்தில் செல்கின்றனர் என்பதை இதனால் அறியலாம். ஏறும்போது மட்டும் சீட்டு வாங்கும் நகரங்களில் இறங்குமிடத்தை ஊகிக்கத்தான் வேண்டும்.

சிக்னல் நேரத்தை மாற்றுவது, பேருந்துத் தடத்தைத் திருப்புவது, மெட்ரோ பணிக்காகச் சாலையை மூடுவது போன்ற முடிவுகளின் விளைவை இரட்டையில் முன்கூட்டியே சோதிக்கலாம். இச்சோதனை இன்றியமையாதது. புதிய சாலை ஒன்றைச் சேர்ப்பதாலேயே அனைவரின் பயண நேரமும் கூடிவிடலாம் என்று கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் 1968இல் நிறுவினார். கட்டி முடித்த சாலையை எளிதில் அகற்ற முடியாது. கணினியில் ஒரு நொடியில் அழிக்கலாம்.

செலவும் பயணிகளின் அந்தரங்கப் பாதுகாப்பும் இத்தொழில்நுட்பத்தின் முக்கியச் சிக்கல்கள். தரவில் சிலர் விடுபடுவது மற்றொன்று. நடந்து செல்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் அட்டை தட்டுவதில்லை; ஜிபிஎஸ் கருவியும் பொருத்துவதில்லை. அவர்களைத் தனியே எண்ணிச் சேர்க்காத இரட்டை, வாகனங்களுக்கு மட்டுமே திட்டமிடும்.