நாலு மைக், ஒரே கம்பி

தமிழ் சினிமா பேசத் தொடங்கிய புதிதில் சென்னை ஸ்டுடியோக்காரர்களுக்குப் பெரிய வில்லன் காக்கைதான். திறந்த வெளியில், வெயிலை நம்பிப் படம் பிடித்த காலம் அது. நடிக்கும்போதே பாட்டும் பதிவாகிவிட வேண்டும். கதாநாயகி உருகிப் பாடும் இடத்தில் ஒரு காக்கை கரைந்தால் அந்த ஃபிலிம் அவ்வளவுதான். காக்கை விரட்டுவதற்கென்றே ஏர் கன்னோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக் கதைகளில் வரும். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் மரத்துக்குப் பின்னாலோ புதர் மறைவிலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் நாலடி நடந்தால் அவர்களும் காமிராவின் கண்ணில் படாமல் நாலடி நகர வேண்டும்.

மைக் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பாட்டு எவ்வளவு கேட்க வேண்டும், பிடில் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே தீர்மானித்தது. அதற்கும் முந்தி, 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன், பாடகர் ஒரு பெரிய தகரக் கொம்புக்குள் பாடினார். மேல் ஸ்தாயி வந்ததும் பக்கத்தில் நிற்பவர் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார், ஊசி தடம் மாறிவிடக் கூடாதே என்று. குமிழைத் திருகிச் செய்கிற காரியத்தை அன்றைக்கு மனிதர்களை நகர்த்திச் செய்தார்கள்.

சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும் படம் 1934-இல் வந்த ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’. அதை எடுத்தது ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாசா சினிடோன். அங்கே ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தோடு பின்னணிப் பாட்டு வந்தது. காக்கைத் தொல்லை தீர்ந்தது. தமிழ் சினிமாவின் ஒலி மெல்ல மெல்ல ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆகவே பல மைக்குகளைக் கலந்து தருகிற, கையில் தூக்கிப் போகிற மிக்ஸரின் கதையை நம் பக்கத்தில் சினிமாவில் தேடிப் பயனில்லை. அது ரேடியோ வீட்டுப் பிள்ளை.

1923 ஜனவரி 8. லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் மோட்ஸார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ இசை நாடகம். பிறந்து சில வாரங்களே ஆன பிபிசி அதை அங்கிருந்தே ஒலிபரப்பியது. அதுதான் அதன் முதல் வெளிக்கள ஒலிபரப்பு. இந்த மாதிரி வேலையில் ஒரு சிக்கல் உண்டு. மேடையில் ஒருவர் பாடுகிறார், கீழே வாத்தியக் குழு, அப்பால் ஜனங்களின் கைதட்டல். எல்லாவற்றுக்கும் ஒரு மைக் போதாது. ஆனால் அரங்கிலிருந்து நிலையத்துக்குப் போவது ஒரே ஒரு டெலிபோன் கம்பி. நாலு மைக்கை ஒரே கம்பியில் ஏற்றியாக வேண்டும், அதுவும் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில்தான். நேரே இணைத்தால் ஒரு மைக்கின் மின்சாரம் கம்பிக்குப் போவதை விட்டுப் பக்கத்து மைக்குக்குள் பாயும், எல்லாமே மெலிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மைக்குக்கும் நடுவில் தடை வைத்தார்கள். தடையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். கூட்டினால் அந்த மைக் அடங்கும், குறைத்தால் எழும். இப்படித் தடைகளுக்கிடையே புகுந்து வந்ததில் இழந்த பலத்தை மீட்டுத் தர ஓர் ஆம்ப்ளிஃபயர். இவ்வளவுதான் மிக்ஸர். இன்றைக்கு எத்தனை விளக்கு எரிந்தாலும், திரை ஒளிர்ந்தாலும், உள்ளே நடப்பது இதுதான்.

1938 வாக்கில் பிபிசி பொறியாளர்கள் இதைத் தூக்கிப் போகும்படி பெட்டிகளில் அடைத்தார்கள். ஓபிஏ/8 என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பெயர். நாலு மைக்கைச் சேர்க்கிற எம்எக்ஸ்/18 அதற்குத் துணை. தூக்கிப் போகலாம் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு அல்ல. வால்வு காலம். வால்வைச் சூடேற்ற ஒரு பேட்டரி, அதற்கு உயர் அழுத்தம் தர இன்னொரு பேட்டரி. பெட்டிகளை இறக்க ஆள் வேண்டும்.

பிபிசியின் வாடை நம் ரேடியோவிலும் இருந்தது. 1936-இல் அகில இந்திய வானொலிக்குத் தலைமைப் பொறியாளராக வந்த சி.டபிள்யூ. காய்டர் அங்கிருந்து வந்தவர்தான். இவர் பள்ளி மாணவனாக இருந்தபோதே, 1924 அக்டோபரில், லண்டன் மில் ஹில் பள்ளியிலிருந்து நியூசிலாந்து ஆட்டுப்பண்ணை ஒன்றில் இருந்த ஃபிராங்க் பெல் என்பவரோடு சிற்றலையில் தொடர்புகொண்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவர் காலத்தில்தான் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே 16-லும் தொடங்கின. திருச்சி நிலையம் வந்ததும் காவேரிப் படுகை முழுக்க அதன் காதுக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது. வாசிக்கிற வித்வான்கள் பாதிப் பேர் அந்தப் படுகையில்தான் இருந்தார்கள்.

ரேடியோக்காரர்கள் ‘ஓ.பி.’ என்று இரண்டெழுத்தில் சொல்லும் வெளிக்கள ஒலிபரப்புக்குத் திருவையாறு மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. புஷ்ய பகுள பஞ்சமி காலையில் தியாகராஜ சுவாமி சமாதிக்கு முன்னால் நூற்றுக்கணக்கான வித்வான்கள் வரிசை வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி என்று போய், ஸ்ரீராகத்தில் முடிப்பார்கள். வானொலி அதைப் பல பத்தாண்டுகளாக நேரடி அஞ்சல் செய்கிறது. அங்கே மிக்ஸர் முன்னால் உட்காருகிறவருக்கு ஆளுக்கொரு மைக் வைக்க முடியாது. வைத்தாலும் உருப்படாது, பக்கத்துப் பக்கத்து மைக்குகளில் ஒரே குரல் சிறிது முன்பின்னாக விழுந்து, சேர்க்கும்போது தகர டப்பாவுக்குள் பாடியது போல ஆகிவிடும். குரல் எடுத்துக்கொடுக்கிறவர்களுக்கு அருகே ஒன்றிரண்டு, பிடில் வரிசைக்கு ஒன்று, மிருதங்கங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒன்று, பந்தலின் மொத்த ஓசைக்கு உயரத்தில் ஒன்று. குறைவாக வைக்கத் தெரிந்தவர்தான் அங்கே தேர்ந்தவர்.

சாயங்காலத் தனிக் கச்சேரிகள் வேறு கணக்கு. மைக்கைத் தொடுவதற்கு முன்னால் மிக்ஸரிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸ் ‘டோன்’ ஒன்றை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஊசி பூஜ்யத்தில் நிற்கிறது, அங்கேயும் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டால்தான் இரண்டு முனையும் ஒரே அளவுகோலில் பேசும். டேப்பில் பதிந்தாலும், மெமரி கார்டில் பதிந்தாலும் இந்தச் சடங்கு அப்படியே. பிறகு ஒவ்வொரு மைக்காக ‘டிரிம்’, அதாவது உள்ளே வரும் அளவு, வைப்பது. வித்வான் சுருதி சேர்க்கும்போது அளவு வைத்தால் ஏமாந்துபோவோம். சுருதி சேர்க்கிறவர் அடக்கி வாசிப்பார். தனி ஆவர்த்தனத்தில் அதே கை நாலு மடங்கு எழும். பத்து டெசிபலாவது மேலே காலி இடம் விட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது ‘லோ கட்’. ஆற்றங்கரைக் காற்று மைக்கில் மோதினால் கீழ் சுரத்தில் குமுகுமு என்று ஓர் இரைச்சல் எழும். தை மாதத்தில் தூரத்து வயலில் பம்புசெட்டோ அறுவடை மெஷினோ ஓடினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எண்பது, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குரலுக்கு நிம்மதி. ஆனால் அதே பொத்தானை மிருதங்கத்தின் இடது பக்க மைக்கிலும் அழுத்தினால் தொப்பியின் கும்கி போய்விடும். ரவை ஒட்டியும் ஒட்டாத மாதிரிதான் கேட்கும். அந்த ஒரு மைக்குக்கு வெட்டக் கூடாது. வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் என்றால் ஒன்றின் ‘ஃபேஸை’த் திருப்பிப் பார்த்து எதில் நாதம் கனமாக இருக்கிறது என்று காதாலேயே முடிவு செய்ய வேண்டும். மீட்டர் இதைச் சொல்லாது.

இந்தப் பெட்டிகள் உண்மையிலேயே தோளுக்கு வந்தது டிரான்சிஸ்டருக்குப் பிறகு. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தின் லோசானில் படித்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, 1951-இல் கடிகாரம் போலச் சாவி கொடுத்து ஓட்டும் முதல் நாக்ரா டேப் ரெக்கார்டரைச் செய்தார். 1958-இல் வந்த நாக்ரா 3 முழுக்க டிரான்சிஸ்டர். உலகச் சினிமாவே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தது. ரெக்கார்டர் சின்னதானதும் அதற்கேற்ற மிக்ஸர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 1960-களில் கொண்டுவந்த எம்67-இல் நாலு மைக் செருகலாம், ஊசி மீட்டர் உண்டு, டோன் உண்டு. கரன்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். 1980-களில் அதே கம்பெனியின் எஃப்பி31 கையடக்கமாகிவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்காது. அவர்களுக்குத் தெரிந்த மிக்ஸர் மைக் செட்டுக் கடையில் இருந்தது. அகுஜா ஆம்ப்ளிஃபயர், முகப்பில் மைக்குக்கு ஒன்றாக வரிசைக் குமிழ்கள், பக்கத்தில் ஒரு கார் பேட்டரி, மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் நடந்தன. கரன்ட் இல்லாத வயல்வெளியிலும் பன்னிரண்டு வோல்ட்டில் வேலை செய்கிற, பல மைக்கைச் சேர்க்கிற பெட்டி அது. இதையும் மிக்ஸர் வம்சத்தில் சேர்க்கத்தான் வேண்டும். பொறியியல் புத்தகங்கள் சேர்க்காவிட்டால் அது புத்தகங்களின் குறை. வெளியூரிலிருந்து விலை உயர்ந்த மிக்ஸரோடு வருகிறவர் முதலில் சிநேகம் பிடிக்க வேண்டியது மைக் செட்டுக்காரரைத்தான். அவரிடமிருந்து ஒரு லைன் வாங்குவதானால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்காவிட்டால் ஐம்பது ஹெர்ட்ஸ் ‘ஹம்’ கச்சேரி முழுக்கக் கூடவே வரும். அவர் ஊளைச் சத்தத்துக்குப் பயந்து மிருதங்கக் குமிழைக் குறைத்தால் நம் பதிவிலும் மிருதங்கம் குறையும். எத்தனை சிநேகமானாலும் நம் மைக் நமக்குத் தனியாக இருப்பதே நல்லது.

வெளியுலகத்தில் 1970-களிலேயே இன்னொரு திருப்பம் தொடங்கியிருந்தது. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் ‘நாஷ்வில்’ (1975) மாதிரிப் படங்களில் எட்டு டிராக்கில் எட்டுப் பேர் பேச்சையும் தனித்தனியே பதிந்து வைத்தார். சேர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொண்டார். நம் நாட்டில் ஸ்பாட்டிலேயே வசனம் பதியும் முறை 2001-இல் ‘லகான்’ படத்தோடு பெரிய அளவில் பேசப்பட்டது. பதிந்தவர் நகுல் காம்தே. அந்தத் தலைமுறைக்கு வாய்த்த மிக்ஸர்களைச் செய்தது சவுண்ட் டிவைசஸ் என்ற கம்பெனி. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரீட்ஸ்பர்க் என்ற சிற்றூரில், ஷூரில் இருந்து வந்தவர்கள் தொடங்கியது. மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் வந்தன. 2019-இல் வந்த மிக்ஸ்பிரீ இரண்டாம் வரிசையில் 32 பிட் ஃபுளோட் வேறு. அளவு தவறி வைத்தாலும் பிறகு கம்ப்யூட்டரில் இறக்கிச் சரி செய்யலாம்; டிரிம்மைத் தொடவே வேண்டாம் என்று விற்கிறார்கள்.

பாதி உண்மை. நாகஸ்வரத்தையும் தவிலையும் பதிந்தவர்கள் முழுதாக நம்ப மாட்டார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை கேட்டுக்கொண்டு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த பாரி நாகஸ்வரம் பழைய திமிரியைவிடச் சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. ஆனால் சுருதி தாழ்ந்தது என்றால் சத்தம் தாழ்ந்தது என்று பொருளல்ல. ஊர்வலத்தில் ஊருக்கே கேட்கப் பிறந்த வாத்தியம். அதன் அடிமுனையான அணசுக்கு நேரே மைக்கை நீட்டினால் மிக்ஸருக்கு வருவதற்கு முன் மைக்கே திணறிவிடும். உடைந்த ஒலியை எந்தப் பிட்டும் ஒட்ட வைக்காது. தவிர, அணசு வழியே முழு பலத்தோடு வருவது கீழ் சுரங்கள்தான்; மற்ற சுரங்கள் திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்து எழுகின்றன. ஒரு மீட்டராவது விலகி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து மைக் நின்றால்தான் ராகம் முழுதாக வரும்.

சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டு போகும்போது ஸ்டாண்டுக்கே வழியில்லை. மிக்ஸர் பை மார்பில் தொங்க, ஒருவர் பின்னோக்கி நடக்க, இன்னொருவர் கழியில் மைக்கை ஏந்தி வர வேண்டும். சன்னிதித் தெருவின் சுவர்கள் நெருக்கமாக இருந்தால் எதிரொலி சேர்ந்து அளவு ஏறும். மாட வீதி விரிந்ததும் இறங்கும். விரல்களில் கூடு மாட்டிய தவில்காரரின் வலந்தலை அடி எந்த இடத்தில் தெறிக்கும் என்று மீட்டருக்கு முன்கூட்டித் தெரியாது. தாளம் போட்டுக்கொண்டே நடக்கிற ஒலிப்பதிவாளருக்குத் தெரியும். முடிப்புச் சொற்கட்டான மோரா வருகிறது என்று தெரிந்ததும் அவர் கை தானாகவே ஆறு டெசிபல் இறக்கியிருக்கும், அளவு மீறினால் தானே அடக்குகிற லிமிட்டரை நம்பாமல்.